உடையும் பொருளின் பிரதிநிதி

பினாங்கு வணிகத் தரப்புகள் தெரிவு வாரியம் இன்றுவரை ஒருவரையும் நிராகரித்ததில்லை. வாரியத்தின் அறிமுகக் கையேட்டில் முதல் பக்கத்திலேயே இது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் இருக்கிறார்கள் என்பதைக் கையேடு மறைக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்படாமை என்பது, நிகழவேண்டிய ஒன்று இன்னும் நிகழாதிருக்கும் நிலை மட்டுமே என்று அடுத்த பத்தியில் விளக்குகிறது. தேங்காய் மொத்த வியாபாரி தயாளன் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். முதல் முறை அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் முறை, புரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

தயாளனின் கடை ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா முடிந்து பழைய கிடங்குகள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. தைப்பூசத்தின்போது ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெங்கும் குவித்துவைத்து உடைக்கப்படும் தேங்காய்களில் பெரும்பங்கு அவர் கடை வழியாக வருபவை. நிபோங் திபாலுக்கு அப்பால் ஷாருல் என்ற மலாய்க்காரரின் தோப்பில் காய்ப்பவை. ஆண்டுதோறும் தீபாவளி முடிந்த கையோடு தயாளன் தீவிலிருந்து பாலம் கடந்து பெருநிலத்துக்குப் போய், அவ்வூர்க் காப்பிக் கடையொன்றில் ஷாருலோடு அமர்ந்து விலை பேசுவார். ஒருவர் விலை சொன்னதும் மற்றவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். எழுந்தவர் கடைவாசல்வரை நடந்து, மழை வருகிறதா என்று பார்ப்பவரைப் போல நின்று, திரும்பி வந்து அமர்வார். அடுத்த விலைக்கு மற்றவர் எழுவார். யாரும் எழாமலேயே விலை படிந்துவிட்டால் இருவருக்கும் அது ஏமாற்றமாக இருந்திருக்கும்.

வாரியம் இதனை ‘ஒழுங்குபடுத்தப்படாத உடலசைவுகளுடன் கூடிய விலை நிர்ணயம்’ என்று வகைப்படுத்தித் தடைசெய்தது. இனி ஒரு வணிகர் இன்னொரு வணிகரிடம் நேரடியாக விலை பேசக் கூடாது. ஒவ்வொருவருக்கும் பிரதிநிதி என்னும் மென்பொருள் ஒன்று இலவசமாக வழங்கப்படும். அது அவருடைய கைப்பேசியில் குடியேறி, அவர் சார்பில் பிற பிரதிநிதிகளோடு பேசும். ஆனால் எல்லாரோடும் பேச எவருக்கும், மென்பொருளுக்கும்கூட, நேரமில்லை. எனவே யாரோடு பேசுவது தகும் என்பதைப் பிரதிநிதிகள் தம் அறிவைக்கொண்டு தாமே தேர்ந்தெடுக்கும். குறித்த கெடுவுக்குள் எந்தப் பிரதிநிதியாலும் தேர்ந்தெடுக்கப்படாத வணிகரின் உரிமம் ‘ஓய்வு நிலை’க்கு மாற்றப்படும். தயாளனுக்கு வாய்த்த கெடு தைப்பூசத்தன்று மாலையோடு முடிவதாக இருந்தது. அதற்குள் எவரேனும் அவரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தேங்காய் இல்லை, கடையும் இல்லை.

பிரதிநிதி குடியேறிய நாளில் அது மிகுந்த மரியாதையோடு சில கேள்விகள் கேட்டது. தயாளன் கல்லாவில் அமர்ந்து பதில் சொன்னார். அவர் மனைவி ரமணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மதிப்பிற்குரிய உரிமையாளரே, தாங்கள் வழங்கும் பொருள் கைமாறிய பின் அதன் நிலை என்ன?”

“உடைச்சிருவாங்க.”

“தவறுதலாகவா?”

“இல்லலா. வேணும்னுதான். ரோட்டுல போட்டு உடைப்பாங்க.”

பிரதிநிதி அதைக் குறித்துக்கொண்டது. “எத்தனை விழுக்காடு?”

“எல்லாமே,” என்றார் தயாளன். இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. “நம்ம கடைத் தேங்காய் மொத அடியிலேயே சிதறிரும். ஒண்ணுகூட முழுசா உருண்டு ஓடுனதில்ல. ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.”

“இவ்வாறு உடைவதால் வாடிக்கையாளர் மனம் வருந்துகிறாரா?”

“உடையலேன்னாதான் வருத்தம். கடைக்கே வந்து சண்டை போடுவாங்க.”

“ஏங்க,” என்றாள் ரமணி, “அதுகிட்டப் போய் இவ்வளவு விவரமா சொல்லணுமா?”

“கேக்குதே. பெருமைக்குரிய விசயம்தானே.”

மறுநாள் தயாளனைப் பற்றிய அறிமுகக் குறிப்பைப் பிரதிநிதி பிற பிரதிநிதிகளின் பார்வைக்கு வைத்தது. ‘இத்தரப்பு வழங்கும் பொருள்கள் அனைத்தும் ஒப்படைக்கப்பட்ட அன்றே பொதுச்சாலையில் முற்றாக அழிவடைகின்றன. அழிவு முழுமை பெறாதபோது வாடிக்கையாளர்கள் வன்முறைக்குத் தயாராகின்றனர். இந்நிலை குறித்து உரிமையாளர் பெருமிதம் கொள்கிறார்.’ இதில் எந்தச் சொல்லும் பொய்யில்லை என்பதை இங்கே குறிப்பிட்டாகவேண்டும்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் தயாளனின் கைப்பேசி இனிய மணியோசையுடன் ஒரு செய்தி தந்தது. ‘வணக்கம். இன்று தங்களைத் தேர்ந்தெடுக்காத தரப்புகளின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.’ முதலில் அப்பட்டியலில் தேங்காய்த் தோப்புக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். பிறகு லோரிக்காரர்களும் சாக்கு வியாபாரிகளும் சேர்ந்தார்கள். ஒரு காலையில் எதிர்க்கடை முடிதிருத்துபவரின் பெயரும் இருந்தது. அவரிடம் தயாளன் எதற்கும் விண்ணப்பித்திருக்கவில்லை.

அவர் வாரியத்தின் அலுவலகத்துக்குப் போனார். அது கடலைப் பார்த்த உயரமான கட்டடமொன்றின் மேல்மாடியில் இருந்தது. துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் அங்கிருந்து பார்க்கையில் விளையாட்டுச் சாமான்களாகத் தெரிந்தன. உதவி இயக்குநர் குணவதி தினமும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்து போகும் பெண்மணி. முகத்தில் உண்மையான கனிவு இருந்தது. அதுவே தயாளனைப் பின்னால் நெடுநாள் அச்சுறுத்தியது.

“உக்காருங்கண்ணே. தண்ணி குடிச்சீங்களா?”

“குடிச்சேன் மேடம். என்னை ஏன் யாருமே எடுக்க மாட்டேங்கிறாங்கன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“அது எங்களுக்கே தெரியாதுண்ணே. அதுதான் இதோட நேர்மையே. எப்படித் தேர்ந்தெடுக்குதுன்னு தெரிஞ்சா நாங்க தலையிட்டிருவோம்ல?”

“அப்ப நீங்க இங்க என்ன வேலை செய்றீங்க?”

“கண்காணிக்கிறோம்.”

“எதை?”

“நாங்க தலையிடாம இருக்கோமான்னு.” குணவதி கணினியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். “பொதுவா ஒண்ணு சொல்லலாம். பல பேரு தேர்ந்தெடுத்த ஆளைத்தான் மத்ததும் தேர்ந்தெடுக்கும். யாருமே எடுக்காத ஆளுன்னா, ஏதோ இருக்குன்னு எல்லாமே ஒதுங்கிக்கும். மனுசங்க மாதிரிதான்.”

“அப்ப மொதமொத ஒருத்தரை யாரு எடுத்தா?”

“மொத ஆளுங்களை வாரியம் நியமிச்சுது. அவங்க எல்லாம் ரொம்ப நல்லா செய்றாங்க.”

தயாளன் தேங்காய் உடையும் குறிப்பைத் திருத்தித் தரமுடியுமா என்று கேட்டார்.

“திருத்தலாம்ணே. ஆனா திருத்தச் சொன்னீங்கங்கிறதையும் அது எழுதி வச்சிக்கும். அது இதைவிட சுசா, பெரிய தொல்லை.” அவர் யோசித்தார். “வேணும்னா, இந்த வருசம் மட்டும் உடைக்காம இருக்கச் சொல்லலாமே?”

“யார்கிட்ட சொல்றது? முருகன்கிட்டயா?”

குணவதி சிரிக்கவில்லை. மேசைமேலிருந்த தம் கைப்பேசியை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, கைப்பேசி இழுப்பறையில் வைக்கப்பட்டதும் ஒரு செய்கையாகப் பதிவாகும் என்பது நினைவுக்கு வந்தவராக, அதை வெளியே எடுத்து முன்பிருந்த இடத்திலேயே கவனமாக வைத்தார். “பயிற்சி வகுப்பு ஒண்ணு நடக்குதுண்ணே,” என்றார் தெளிவான குரலில். “அவசியம் கலந்துக்கோங்க.”

‘தெரிவுக்குத் தகுதி பெறுதல்’ என்ற அந்த வகுப்பில் இந்தியச் சமூகத்து வணிகர்கள் ஒரு மண்டபம் நிறைய அமர்ந்திருந்தார்கள். வாரியத்தின் இயக்குநர் முனைவர் கோகுலன் மேடையேறினார். குறிப்புத்தாள் இல்லாமல் பேசினார்.

“அன்பர்களே, நம் சமூகத்துக்கு இது புதிதன்று. நாம் ஜாதகம் பார்த்துத்தானே கல்யாணம் செய்கிறோம்? பெண்ணும் மாப்பிள்ளையும் தாங்களே பேசிக்கொண்டால் என்ன ஆகும்? ஒருவரையொருவர் அறிந்துகொள்வார்கள். பிறகு எப்படிக் கல்யாணம் நடக்கும்? அறிமுகம் என்பது வணிகத்துக்குப் பெரும் தடை. என் அனுபவத்தையே சொல்கிறேன். போன மாதம் என் பிரதிநிதி, என் மனைவியின் பிரதிநிதியோடு இனிப் பேசுவதில்லை என்று முடிவெடுத்தது. நான் காரணம் கேட்கவில்லை. வீடு இத்தனை அமைதியாக இருந்ததே இல்லை. சில நாள்களாக அவர் வீட்டில் இருக்கிறாரா என்பதுகூட எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அவ்வளவு அமைதி.”

மண்டபம் கைதட்டியது. எவர் எவ்வளவு பலமாகத் தட்டினார் என்பதைச் சட்டைப்பைகளிலிருந்த கைப்பேசிகள் குறித்துக்கொண்டன என்பது பிறகுதான் தெரியவந்தது.

தயாளனுக்குப் பக்கத்தில் தேன்மொழி என்ற பெண் அமர்ந்திருந்தாள். டத்தோ கிராமாட் சாலையில் ஈமச்சடங்குக்கான பொருள்கள் விற்பவள்.

“உங்களுக்கு என்னம்மா கொறை சொல்லுச்சு?” என்று தயாளன் மெல்லக் கேட்டார்.

“என்கிட்ட வந்த கஸ்டமர் யாரும் ரெண்டாவது தடவை வரலேன்னு போட்டிருக்குண்ணே.”

“குடும்பத்துல மத்தவங்க வருவாங்களே?”

“அதையும்தான் சொன்னேன். அப்ப, வாங்குற குடும்பத்துல ஆளு கொறைஞ்சிக்கிட்டே வருது, இந்தச் சந்தை சுருங்குதுன்னு எழுதிருச்சு.”

“பேசாம இருந்திருக்கலாம்.”

“பேசாமத்தான் இருந்தேன், மூணாவது கேள்விக்கு. துக்கத்தை மறைக்கிறாங்கன்னு போட்டிருச்சு.”

இருவரும் சிரித்தார்கள். வகுப்பில் அவர்கள் மட்டும்தான் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் தேன்மொழியை அழைக்க முயன்றபோது, வகுப்பில் வாங்கி வைத்திருந்த அவள் எண் தயாளனின் கைப்பேசியில் இல்லை. பிரதிநிதி பணிவுடன் விளக்கியது: “தங்கள் தெரிவுநிலைக்கு ஊறு விளைவிக்கும் தொடர்புகள் தங்கள் நலன் கருதி நீக்கப்பட்டுள்ளன.” தேன்மொழியின் கடைக்கே போய்ப் பார்த்தார். கதவு இறங்கியிருந்தது. ‘இத்தரப்பு ஓய்வில் உள்ளது’ என்று அழகிய அட்டை தொங்கியது. பக்கத்துக் கடைக்காரரிடம் அவள் எங்கே என்று விசாரித்தார். பக்கத்துக் கடைக்காரர் தன் சட்டைப்பையைப் பார்த்தார், தயாளனைப் பார்த்தார், “யாரு?” என்றார்.

நீக்கம் தொடர்ந்தது. கடனுக்குத் தேங்காய் எடுக்கும் மூன்று குடும்பங்கள் மறைந்தன. ஈப்போவிலிருக்கும் மைத்துனன் மறைந்தான். ஒருநாள் ரமணியின் பெயருக்கு நேரே ‘மறுபரிசீலனையில்’ என்று காட்டியது.

“நான் என்னங்க செஞ்சேன்?” என்றாள் ரமணி.

“என்கூட இருக்கே. அதான்னு நினைக்கிறேன்.”

“முப்பது வருசமா நானே அதை மறுபரிசீலனை செஞ்சிக்கிட்டுத்தான் இருக்கேன். இதுக்கு என்ன இப்ப அவசரம்?” அவள் குரலில் கேலி இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவள் கடையில் இருக்கும்போது தாழ்ந்த குரலில்தான் பேசினாள்.

தைப்பூசம் நெருங்கிய வேளையில் தயாளன் பாலம் கடந்து நிபோங் திபாலுக்குப் போனார். ஷாருல் காப்பிக் கடையில் அதே மேசையில் அமர்ந்திருந்தார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு அடுத்த வீட்டில் வளர்ந்தவராதலால் அவருக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. இருவரும் தத்தம் கைப்பேசியை, ஆயுதம் இல்லை என்று காட்டுபவர்களைப் போல, மேசைமேல் எடுத்து வைத்தார்கள். வைக்காமல் விட்டாலும் அது பதிவாகும்.

“காய்ப்பு எப்படி பாங்?” என்று தயாளன், அண்ணன் என்னும் மலாய்ச் சொல்லால் அழைத்துக் கேட்டார்.

“நல்ல காய்ப்புண்ணே. இதுவரைக்கும் பல தடவை வித்தாச்சு. ஈப்போ ஆளோட பிரதிநிதி வாங்குச்சு. அது கிள்ளான் ஆளுக்கு வித்துச்சு. அவனோடது மறுபடி என்னோடதுக்கே வித்திருச்சு. நல்ல லாபம்னு காட்டுது.”

“காய் எங்க இருக்கு?”

“தோப்புலதான். பறிச்சுக் குவிச்சு வச்சிருக்கேன். கொஞ்சம் முளைவிட ஆரம்பிச்சிருச்சு.” ஷாருல் குரலைத் தாழ்த்தவில்லை, தாழ்த்துவது சந்தேகத்துக்கு இடமாகும். “பிரதிநிதிங்களுக்குள்ள ரொம்ப ஒத்துப்போகுதுண்ணே. எது எதை எடுக்கும்னா, தன்னை மாதிரியே பேசுறதைத்தான் எடுக்குது. வெளியாளு உள்ள போக முடியல. தேங்காயும் வெளிய வர முடியல.”

பிறகு இருவரும் பேசாமல் தே தாரிக் என்னும் நுரைத்த பால்தேநீர் குடித்தார்கள். விலை என்ற சொல்லை உச்சரித்தால் இருவர் உரிமமும் போகும். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்து ஷாருல், ஏதும் சொல்லாமல், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசல்வரை நடந்துபோய் மேகமில்லாத வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்து அமர்ந்தார்.

தயாளனுக்குப் புரிந்தது. போன ஆண்டு படிந்த விலை இந்த ஆண்டுக்குப் போதாது என்கிறார் ஷாருல். தயாளன் எழுந்தார். அவர் வாசலைத் தாண்டித் தெருமுனைவரை போனார். அது பெரிய மறுப்பு. திரும்பி வந்தபோது ஷாருல் மீண்டும் எழுந்தார், ஆனால் இந்த முறை பாதித் தூரத்திலேயே திரும்பிவிட்டார். இப்படி ஒரு சொல்லும் இல்லாமல், எழுந்தும் நடந்தும் நின்றும் அமர்ந்தும், இருவரும் அன்று பிற்பகலில் ஒரு பேரத்தை முடித்தார்கள். கடைசியில் இருவருமே உட்கார்ந்திருந்தார்கள். ஷாருலின் கண்கள் கலங்கியிருந்தன. காப்பிக் கடைக்காரர் அவர்களை மருத்துவமனையிலிருந்து தப்பி வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மேசைமேலிருந்த இரண்டு கைப்பேசிகளும் அசையாமல் கிடந்தன.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் லோரி வந்தது. காய்கள் இறங்கின. யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று காலையிலிருந்து தயாளனின் கைப்பேசியில் இனிய மணியோசை எழவில்லை. தேர்ந்தெடுக்காதவர்களின் பட்டியலும் வரவில்லை. இத்தனை நாள் அந்தப் பட்டியலை வெறுத்தவர், அது வராத காலையில், எதற்காகவோ கைப்பேசியைப் பலமுறை எடுத்துப் பார்த்தார்.

“வரலேன்னா நல்லதுதானே?” என்றாள் ரமணி.

“நல்லதா இருந்தா சொல்லியிருக்குமே.”

மறுநாள் ரதம் வந்தது. சாலையின் இருமருங்கும் தயாளனின் தேங்காய்கள் குன்றுகளாக நின்றன. நாதஸ்வரம் நெருங்கியதும் மக்கள் வெறுங்காலோடு இறங்கி உடைக்கத் தொடங்கினார்கள். சற்று முளைவிட்ட காய்கள் என்றாலும் ஒன்றும் ஏமாற்றவில்லை. ஓடுகள் சிதறின, தேங்காய்த் தண்ணீர் சாக்கடைவரை ஓடியது, கூட்டம் அரோகரா என்றது. ஒன்றுகூட முழுசாக உருண்டு ஓடவில்லை. தயாளன் கடைவாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பல மாதங்களில் முதன்முறையாக அவர் முதுகு நிமிர்ந்திருந்தது.

ரதம் கடந்து, துப்புரவுப் பணியாளர்கள் சாலையைக் கூட்டத் தொடங்கிய வேளையில் கைப்பேசி மணியடித்தது. கெடு முடியச் சிறிது நேரமே இருந்தது.

‘வாழ்த்துகள். தங்களை ஒரு தரப்பு தேர்ந்தெடுத்துள்ளது.’

ரமணி எட்டிப் பார்த்தாள். “யாருங்க?”

தயாளன் விரலால் திரையைத் தள்ளினார். தேர்ந்தெடுத்த தரப்பு: வாரியத்தின் இழப்பு மீட்புப் பிரிவு. தெரிவுக்கான காரணம்: பொதுச்சாலையில் பொருள் அழிவு, நேரில் கண்டது. கூடுதல் காரணம்: காப்பிக் கடையொன்றின் இரு நாற்காலிகள் வழக்கத்துக்கு மாறாக நகர்த்தப்பட்டமை. அவர் அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது. ‘பேச்சுவார்த்தை தொடங்கியது.’ அதைத் திறப்பதற்குள் இன்னொன்று வந்தது. ‘பேச்சுவார்த்தை நிறைவுற்றது. இரு பிரதிநிதிகளும் முழுமையாக உடன்பட்டன.’

“எதுக்கு உடன்பட்டே?” என்று தயாளன் கைப்பேசியிடம் கேட்டார். அதனோடு அவர் ஒருமையில் பேசியது அதுவே முதல் முறை.

“மதிப்பிற்குரிய முன்னாள் உரிமையாளரே,” என்றது பிரதிநிதி, “உடன்படிக்கையின் உள்ளடக்கம் உடன்பட்ட தரப்புகளுக்கு மட்டுமே உரியது.”

வாரியத்தின் சின்னம் பொறித்த சட்டையணிந்த இருவர் ஏற்கெனவே வாசலில் ஏணி சாய்த்துப் பெயர்ப்பலகையின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவர் உடைந்த ஓடுகளைச் சாக்குகளில் சேர்த்து ஒவ்வொரு சாக்கையும் முத்திரையிட்டார். எவரும் முரட்டுத்தனமாக நடந்துகொள்ளவில்லை. ஒருவர் ரமணியிடம், கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களாக்கா, தூசு விழும் என்று அக்கறையோடு சொன்னார். ஷாருலை அழைக்கத் தயாளன் எண்ணைத் தேடினார். ஷாருல் என்ற பெயரில் எவரும் இருந்ததற்கான அடையாளம் கைப்பேசியில் இல்லை.

கூட்டத்திலிருந்து குணவதி வெளிப்பட்டார். நெற்றியில் திருநீறு, வெறுங்கால், கையில் பால்செம்பு. காவடிக்குப் பின்னால் நடந்து வந்தவர் வழியில் நின்றிருக்கிறார். அவர் முகத்தில் அதே கனிவு இருந்தது.

“அண்ணே, இப்பதான் மெசேஜ் பார்த்தேன். உங்களை எடுத்துட்டாங்களாமே. ரொம்ப சந்தோசம்ணே.”

“என்ன முடிவு செஞ்சிருக்காங்க மேடம்? கடையா? வீடா? என்னைக் கூட்டிட்டுப் போவாங்களா? என்னன்னு தெரிஞ்சாப் போதும்.”

“அது எனக்கும் தெரியாதுண்ணே.” குணவதி தம் கைப்பேசியை எடுத்து, வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார். “ஆனா நீங்க திருப்தியா இருக்கீங்கன்னு பதிவாயிருக்கு.”